ஒன்றும் நடக்காத இரவுகளின் கணக்கு

பெங்களூரிலிருந்து வடகிழக்கே சுமார் 35 கி.மீ. தொலைவில் இருக்கிறது ஹொசகோட்டே. அங்கே இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வளாகம் ஒன்று உண்டு. இருட்டத் தொடங்கியதும் கட்டுப்பாட்டு அறையில் கணினித் திரைகளின் முன்னால் ஆட்கள் வந்து உட்காருகிறார்கள். அவர்கள் இயக்கப்போகும் டெலஸ்கோப் அந்த வளாகத்தில் இல்லை, கர்நாடகத்திலேயே இல்லை. இரண்டாயிரம் கி.மீ.க்கும் அப்பால் லடாக்கின் ஹன்லேயில், கடல் மட்டத்திலிருந்து 4,500 மீட்டர் உயரத்தில், ஒரு குளிர்ப் பாலைவனத்தில் இருக்கிறது. 2 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி கொண்ட ஹிமாலயன் சந்திரா டெலஸ்கோப் அது. ‘இந்தப் பக்கம் திரும்பு, இவ்வளவு நேரம் பார்’ என்ற உத்தரவு ஹொசகோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் வழியாகப் போகிறது. படம் அதே வழியில் திரும்பி வருகிறது. பெங்களூரில் மழை கொட்டினாலும் கவலையில்லை. ஹன்லேயில் வானம் வெளுத்திருந்தால் போதும்.

இத்தனை வசதி இருந்தும் ஒரு வகை நட்சத்திரங்களிடம் மட்டும் பெரிய டெலஸ்கோப்புகள் திணறுகின்றன. பெரிய டெலஸ்கோப்பின் நேரம் மாதக்கணக்கில் முன்கூட்டியே பங்கிடப்படுகிறது. இன்ன தேதி, இன்ன மணி, இன்ன ஆய்வு என்று பட்டியல் உண்டு. குள்ள நோவா என்று அழைக்கப்படும் நட்சத்திரங்களுக்கு அந்தப் பட்டியல் தெரியாது. வாரக்கணக்கில் மங்கிக் கிடக்கும். பிறகு ஏதோ ஒரு ராத்திரி, சில மணி நேரத்தில் பொங்கி, ஒரு நாள் இரண்டு நாளில் பத்து மடங்கு, நாற்பது மடங்கு, சில சமயம் நூறு மடங்கு பிரகாசமாகிவிடும். ஓரிரு வாரத்தில் பழைய நிலைக்கு இறங்கிவிடும். அடுத்த முறை எப்போது? சராசரி சொல்லலாம், தேதி சொல்ல முடியாது. ‘இதோ ஆரம்பித்துவிட்டது, இந்தப் பக்கம் திரும்புங்கள்’ என்று பெரிய டெலஸ்கோப்புகளுக்கு யார் தகவல் சொல்வது?

நூறு வருடங்களுக்கு மேலாக அந்த வேலையைச் செய்துவருபவர்களில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் அல்ல. மொட்டை மாடியிலும் கொல்லைப்புறத்திலும் சிறு டெலஸ்கோப்போடு நிற்பவர்கள் அவர்கள். அந்தக் கதையில் சென்னைக்கும் காவலூருக்கும் பெங்களூருக்கும் பங்கு உண்டு.

முதலில் குள்ள நோவா என்றால் என்ன? பெயரைக் கேட்டால் தனி நட்சத்திரம் போலத் தோன்றும். உண்மையில் அது ஒரு தம்பதி. ஒருவர் வெள்ளைக் குள்ளன்: சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம் எரிபொருள் தீர்ந்து சுருங்கிய மிச்சம். எடை கிட்டத்தட்ட சூரியன் அளவு, உருவமோ பூமி அளவு. மற்றவர் இன்னும் எரிந்துகொண்டிருக்கும் ஒரு சிவந்த, சாதாரண நட்சத்திரம். இருவருக்கும் இடையே நெருக்கம் அதிகம். மிதுன ராசியில் இருக்கும் யு ஜெமினோரம் என்ற ஜோடி ஒருவரையொருவர் சுற்றி வர 4 மணி 15 நிமிடம்தான் ஆகிறது. பெங்களூரில் காலையில் ரயிலேறியவர் சென்னை சென்ட்ரலில் இறங்குவதற்குள் ஒரு சுற்று முடிந்துவிடும்.

இந்த நெருக்கத்தில் வெள்ளைக் குள்ளன் தன் துணையின் வாயுவை உறிஞ்சுகிறது. வாயு நேராக வந்து விழுவதில்லை. குள்ளனைச் சுற்றி ஒரு தட்டு போலச் சுழன்று சேர்கிறது. பொங்குவது அந்தத் தட்டுதான். நிஜமான நோவாவில் நடப்பது வேறு: அங்கே குள்ளனின் மேற்பரப்பில் சேர்ந்த ஹைட்ரஜன், அணுகுண்டு போல வெடித்து வெளியே தூக்கியெறியப்படுகிறது. குள்ள நோவாவில் வெடிப்பே இல்லை. தேங்கிய வாயு திடீரென்று உள்ளே சரிகிறது, சரியும்போது சூடாகி ஒளிர்கிறது.

ஏன் திடீரென்று? விஸ்வேஸ்வரய்யாவின் தானியங்கி மதகுகளை நினைத்துக்கொண்டால் புரிந்துகொள்வது எளிது. புனே அருகே கடக்வாஸ்லாவில் 1903ல் அவர் பொருத்திய மதகுகள், நீர் ஒரு குறிப்பிட்ட மட்டத்தைத் தொடும்வரை மூடியே இருக்கும். தொட்டதும் தானாகத் திறக்கும். மட்டம் இறங்கியதும் தானாக மூடிக்கொள்ளும். தட்டிலும் வாயு மெதுவாகச் சேர்கிறது. அடர்த்தி கூடக் கூடச் சூடும் கூடுகிறது. சில ஆயிரம் டிகிரியைத் தாண்டும்போது ஹைட்ரஜன் அணுக்கள் எலக்ட்ரானை இழக்கின்றன. அந்தக் கட்டத்தில் வாயுவின் குணமே மாறிவிடுகிறது: வெப்பம் வெளியேற முடியாமல் தேங்குகிறது, வாயுவுக்குள் உரசல் அதிகமாகிறது, தட்டு முழுவதும் உள்நோக்கிப் பாய்கிறது. மதகு திறந்துவிட்டது. தட்டு காலியாகிக் குளிர்ந்ததும் மதகு மூடுகிறது. மறுபடி சேமிப்பு ஆரம்பம். ஜப்பானிய விஞ்ஞானி யோஜி ஒசாகி 1974ல் சொன்ன விளக்கத்தின் சாரம் இது.

கேட்க அழகாக இருக்கிறது. சரியா தவறா என்று எப்படிச் சோதிப்பது? அருகில் போய்ப் பார்க்க முடியாது. மிகப் பெரிய டெலஸ்கோப்பிலும் அந்த ஜோடி ஒரு புள்ளிதான். புள்ளியின் பிரகாசம் ஏறுவதையும் இறங்குவதையும் வருடக்கணக்கில் குறித்துவைப்பதே அடிப்படையான வழி.

அந்த வேலையின் முறை நூறு வருடத்தில் பெரிதாக மாறவில்லை. பார்க்க வேண்டிய நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள வானத்தின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதில் பிரகாசம் மாறாத சில நட்சத்திரங்களின் ஒளியளவு எண்ணாக எழுதப்பட்டிருக்கும். 8.2 என்பதை 82 என்றுதான் எழுதுவார்கள். புள்ளி வைத்தால் அதையும் ஒரு நட்சத்திரம் என்று நினைத்துவிடும் ஆபத்து உண்டு! நம் நட்சத்திரத்தைவிடச் சற்றுப் பிரகாசமான ஒன்றையும் சற்று மங்கலான ஒன்றையும் தேர்ந்தெடுத்து, இரண்டுக்கும் நடுவில் இது எங்கே நிற்கிறது என்று கண்ணால் மதிப்பிட வேண்டும். எண் சிறியதானால் பிரகாசம் அதிகம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

தேதியிலும் ஒரு ஏற்பாடு உண்டு. வானவியலாளர்கள் பயன்படுத்தும் ஜூலியன் நாள் நள்ளிரவில் மாறுவதில்லை. கிரீன்விச் நேரப்படி நண்பகலில் மாறுகிறது. இந்தியாவில் அது மாலை 5.30. அலுவலகம் விடும் நேரத்தில் தேதி புரண்டுவிடுவதால் ஒரு ராத்திரி முழுவதும் ஒரே நாளின் கணக்கில் அடங்கிவிடுகிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமான விதி வேறு. நட்சத்திரம் தெரியவில்லை என்றாலும் எழுத வேண்டும். ‘13ஆம் ஒளியளவுள்ள நட்சத்திரம் வரை தெரிந்தது, இது தெரியவில்லை’ என்பதும் ஒரு பதிவு. அது இல்லாவிட்டால் பொங்குதல் எந்த ராத்திரி தொடங்கியது என்பதே தெரியாது. வியாழன் இரவு இல்லை, வெள்ளி இரவு இருந்தது என்றால்தான் தொடக்கம் பிடிபடும். வெள்ளி இரவுப் பதிவுக்கு மதிப்பைக் கொடுப்பது வியாழன் இரவின் ‘இல்லை’.

இப்படிப்பட்ட பதிவு என்ன செய்யும் என்பதற்கு எஸ்.எஸ். சிக்னி நல்ல உதாரணம். வானத்தில் திருவோணத்துக்கு வடகிழக்கே, அன்னப்பறவை வடிவமாகச் சொல்லப்படும் சிக்னஸ் மண்டலத்தில் இருக்கிறது. அது மாறும் நட்சத்திரம் என்பதை 1896ல் அமெரிக்காவின் ஹார்வர்ட் வானாய்வு நிலையத்தில் லூயிசா வெல்ஸ் கண்டுபிடித்தார். அமைதியாக இருக்கும்போது ஒளியளவு 12, பொங்கும்போது 8. அதாவது நாற்பது மடங்கு. ஏழெட்டு வாரத்துக்கு ஒருமுறை பொங்கும். 1911ல் தொடங்கிய அமெரிக்க மாறும் நட்சத்திர நோக்கர் சங்கம் உலகெங்குமுள்ள ஆர்வலர்களின் பதிவுகளைச் சேர்த்துவைக்க ஆரம்பித்தது. 1896க்குப் பிறகு இந்த நட்சத்திரம் பொங்கியதில் ஏறக்குறைய எதுவுமே கணக்கில் தப்பவில்லை.

1973 முதல் 2004ல் இறக்கும்வரை அந்தச் சங்கத்தை நடத்தியவர் துருக்கியில் பிறந்த ஜேனட் மாட்டே. செயற்கைக்கோள்களை வைத்து எக்ஸ் கதிர் ஆய்வு செய்பவர்கள் அவரிடம் கேட்பார்கள்: எது எப்போது பொங்கும்? அவர் ஆர்வலர்களை உஷார்ப்படுத்துவார். 1996 அக்டோபரில் எஸ்.எஸ். சிக்னி பொங்கத் தொடங்கியபோது செயற்கைக்கோள்களும் கூடவே பார்த்துக்கொண்டிருந்தன. கண்ணுக்குத் தெரியும் ஒளி முதலில் ஏறியது. எக்ஸ் கதிர் ஏறக்குறைய ஒரு நாள் கழித்துத்தான் ஏறியது. தட்டில் திறந்த மதகின் வெள்ளம் குள்ளனின் மேற்பரப்பைத் தொட அவ்வளவு நேரம் ஆகிறது என்று பொருள். ஆர்வலர்கள் கண்ணால் பார்த்து எழுதிய எண்கள் இல்லாமல் அந்த இடைவெளியைச் சொல்லியிருக்க முடியாது.

அடுத்து வந்தது இன்னும் பெரிய சோதனை. 1999ல் ஹப்பிள் டெலஸ்கோப்பை வைத்து எஸ்.எஸ். சிக்னியின் தூரத்தை அளந்தார்கள். சுமார் 520 ஒளியாண்டு என்று வந்தது. கோட்பாட்டாளர்களுக்குத் தலைவலி அங்கேதான் ஆரம்பித்தது. அவ்வளவு தூரத்திலிருந்து இவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்றால் அதன் நிஜமான ஒளி மிக அதிகம். அத்தனை ஒளி வேண்டுமானால் வாயு அருவி போலக் கொட்ட வேண்டும். அருவியாகக் கொட்டினால் தட்டு எப்போதும் சூடாகவே இருக்கும், மதகு மூடவே மூடாது. அப்படியானால் பொங்குதல் என்பதே நடக்கக் கூடாது. அதுவோ ஏழெட்டு வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் நடக்கிறது. அளந்தது ஹப்பிள். ஆட்டம் கண்டது கால் நூற்றாண்டாகப் பாடப்புத்தகங்களில் இருந்த விளக்கம்.

தூரத்தை வேறு வழியில் அளக்க ரேடியோ டெலஸ்கோப்புகள் உதவும். ஆனால் எஸ்.எஸ். சிக்னி ரேடியோ அலைகளைப் போதிய அளவு வெளியிடுவது பொங்கும்போது மட்டுமே. கண்டங்கள் தாண்டி ஒன்றாக இணைத்த ரேடியோ டெலஸ்கோப்புகளைச் சரியான நாளில் திருப்ப வேண்டும். மறுபடியும் மொட்டை மாடிக்காரர்கள். 2010 முதல் 2012 வரை அவர்கள் ராத்திரி ராத்திரியாகப் பார்த்து, பொங்கத் தொடங்கியதும் தகவல் கொடுத்தார்கள். 2013ல் முடிவு வெளியானது: தூரம் சுமார் 370 ஒளியாண்டுதான். இந்தத் தூரத்தை வைத்துக் கணக்கிட்டால் நிஜமான ஒளி பழைய கணக்கில் ஏறக்குறைய பாதி. மதகுக் கோட்பாடு பிழைத்தது. பின்னர் ஐரோப்பாவின் கயா விண்கலம் அளந்ததும் அதையே உறுதிசெய்தது.

இந்தக் கணக்குப் பார்க்கும் கலைக்கு அளவுகோல் கொடுத்தவர் சென்னையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர் என்பது பலருக்குத் தெரியாது. யு ஜெமினோரம் பொங்குவதை லண்டனில் ஜான் ஹைண்ட் 1855 டிசம்பரில் முதலில் பார்த்தார். அதுதான் மனிதன் கண்ட முதல் குள்ள நோவா. அது 1856ல் மறுபடி பொங்கியதைக் கண்டவர் அப்போது ஆக்ஸ்ஃபர்டில் உதவியாளராக இருந்த நார்மன் போக்சன். அதே 1856ல்தான் ஐந்து ஒளியளவு வித்தியாசம் என்றால் சரியாக நூறு மடங்கு என்ற விதியை அவர் முன்வைத்தார். உலகம் இன்றும் அந்த விதிப்படிதான் நட்சத்திரங்களை எடைபோடுகிறது. 1861ல் அவர் நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வு நிலையத்துக்கு வந்தார். 1891ல் சென்னையிலேயே இறந்தார்.

1863 மே 20 அன்று போக்சன் விருச்சிக ராசியில் முன்பு இல்லாத ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தார். சில நாட்களிலேயே அது மங்கி மறைந்தது. யு ஸ்கார்ப்பி என்று அதற்குப் பெயர். அது குள்ள நோவா அல்ல, அதன் பெரியப்பா வகை. இங்கேயும் வெள்ளைக் குள்ளனும் தட்டும் உண்டு. ஆனால் நடப்பது நிஜ நோவா வெடிப்பு. அதுவும் ஒருமுறையோடு நிற்காமல் சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வெடிக்கும் அபூர்வ ரகம். போக்சனுக்குப் பிறகு அதைக் கவனிக்க ஆளில்லை. 1906லும் 1936லும் அது வெடித்தது, ஆனால் அந்தச் சமயத்தில் யாரும் பார்க்கவில்லை. பிற்பாடு ஹார்வர்டின் பழைய புகைப்படத் தகடுகளைத் துழாவியபோதுதான் தெரியவந்தது.

போக்சனின் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867ல் ஆர் ரெட்டிகுலி என்ற நட்சத்திரம் ஒளி மாறுவதை அவர் கண்டுபிடித்தார். நவீன வானவியலில் மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்த முதல் இந்தியர் என்று அவரைச் சொல்வது வழக்கம். அந்த நட்சத்திரம் தென்கோடியில் இருப்பது. சென்னையிலிருந்து பார்த்தால் அடிவானத்துக்கு மேல் 14 டிகிரியைத் தாண்டி ஒருபோதும் ஏறாது. அடிவானத்துப் புழுதியையும் கடல் ஈரத்தையும் தாண்டி அதைக் கண்டுகொள்ள எவ்வளவு பொறுமை வேண்டும்! பஞ்சாங்கத்தை நேரடி வானக் கணிப்போடு ஒத்துப்போகச் செய்யவும் அவர் பாடுபட்டார். 1880ல் இறந்தார். அந்த மதராஸ் நிலையத்தின் பணி 1899ல் கொடைக்கானலுக்குப் போனது. பிறகு, 1971ல் தன்னாட்சி பெற்று 1975ல் பெங்களூருக்குத் தலைமையகத்தை மாற்றிக்கொண்ட இந்திய வான் இயற்பியல் நிறுவனமாக வளர்ந்தது. கோரமங்களா வளாகத்தின் பூர்வீகம் சென்னைதான்.

இன்னொரு கிளை வங்காளத்திலிருந்து வருகிறது. ஜெசூர் கஜானாவில் வேலை பார்த்த ராதா கோவிந்த சந்திரா, மெட்ரிகுலேஷன் தேறாதவர். 1910ல் ஹாலி வால்நட்சத்திரத்தைப் பார்த்ததில் வானத்தின் மேல் பைத்தியம் பிடித்தது. பணம் சேர்த்து 3 அங்குல டெலஸ்கோப் ஒன்றை வாங்கினார். 1918ல் அக்விலா மண்டலத்தில் தோன்றிய நோவாவைத் தன் முயற்சியில் கண்டுகொண்டார். அமெரிக்கச் சங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டதோடு 6 அங்குல டெலஸ்கோப் ஒன்றையும் கடனாக அனுப்பிவைத்தது. பகலில் அரசாங்க வேலை, ராத்திரியில் நட்சத்திரக் கணக்கு. அவர் சங்கத்துக்கு அனுப்பிய பதிவுகள் 37,215. தேசப் பிரிவினைக்குப் பிறகு இந்தியப் பக்கம் வந்துவிட்ட அவர் 1975ல் இறந்தார்.

அவர் கண் பார்த்து முடித்த அந்த 6 அங்குல டெலஸ்கோப் 1950களில் கைமாறிப் போன இளைஞரின் பெயர் வேணு பாப்பு. சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்தவர். அப்பா நிஜாமியா வானாய்வு நிலையத்தில் பணியாற்றியதால் சிறுவயதிலேயே மாறும் நட்சத்திரங்களைக் கணக்கெடுக்கப் பழகியவர். மாணவராக இருந்தபோது 1946ல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையும் மாறும் நட்சத்திரங்களைக் கண்ணால் மதிப்பிடுவது பற்றியதுதான். பின்னாளில் ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தவர், பெங்களூர் நிறுவனத்தை உருவாக்கியவர் அவரே. அமெரிக்காவிலிருந்து வங்காளத்துக்கு வந்த டெலஸ்கோப் கடைசியில் காவலூருக்கு வந்து சேர்ந்தது. 1986 ஜனவரியில் அங்கே 2.34 மீட்டர் டெலஸ்கோப் திறக்கப்பட்டபோது பாப்பு உயிரோடு இல்லை. 1982லேயே இறந்துவிட்டார். டெலஸ்கோப்பும் வானாய்வு நிலையமும் அவர் பெயரைத் தாங்கியிருக்கின்றன.

விட்ட இடத்தில் தொட்டதும் காவலூரில்தான். போக்சன் சென்னையிலிருந்து பார்த்த யு ஸ்கார்ப்பி 1999ல் மறுபடி வெடித்தபோது பெங்களூர் நிறுவனத்தின் ஜி.சி. அனுபமாவும் சகாவும் காவலூரிலிருந்து அதை ஆராய்ந்தார்கள். 2010 ஜனவரியில் அடுத்த வெடிப்பு. அதை முதலில் கண்டவர்கள் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் இருந்த இரண்டு ஆர்வலர்கள். அப்போதும் அனுபமாவின் குழு அதை ஆய்வு செய்தது. 1901ல் நோவாவாக வெடித்து, பல பத்தாண்டுகளுக்குப் பிறகு சுமார் மூன்று வருடத்துக்கு ஒருமுறை குள்ள நோவா போலப் பொங்கத் தொடங்கிய ஜி.கே. பெர்சி என்ற விசித்திரமும் இந்தக் குழுவின் ஆய்வுக்கு உள்ளானது. 2022 ஜூனில் யு ஸ்கார்ப்பி மறுபடியும் வெடித்தது.

இந்தியாவிலிருந்து பார்ப்பதற்கு ஒரு தனி மதிப்பும் உண்டு. அது பூகோளம் தந்தது. கோடை மாதங்களில் ஜப்பானில் விடியும்போது ஐரோப்பாவில் பெரும்பாலும் இன்னும் இருட்டியிருக்காது. அந்த இடைவெளியில் ராத்திரியாக இருக்கும் நாடுகளில் இந்தியா முக்கியமானது. 2001 ஜூலை 23 அன்று டபிள்யூ.இசட். சஜிட்டே என்ற குள்ள நோவா பொங்கியதை ஜப்பானிய ஆர்வலர் ஒருவர் கண்டார். அதற்கு முன் அது பொங்கியது 1913, 1946, 1978 ஆகிய வருடங்களில் மட்டும். முப்பது வருடத்துக்கு மேல் இடைவெளி இருக்கும் என்று நினைத்திருந்தவர்களை 23 வருடத்தில் வந்து திகைக்க வைத்தது. இந்த வகை பொங்கும்போது ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒளி ஏறி இறங்கும் சிறு அலைகள் தோன்றும். அவற்றை அளக்க நட்சத்திரத்தை விடாமல் பார்க்க வேண்டும். ஒரு நாட்டில் விடிந்தால் அடுத்த நாடு பொறுப்பேற்க வேண்டும். தொடர் ஓட்டம் போல. நடுவில் ஒருவர் இல்லையென்றால் தடி கீழே விழும்.

ஜூலையில் இந்தியாவில் வானம் எப்படி இருக்கும் என்பது தெரிந்ததே. தென்மேற்குப் பருவமழை எஸ்.எஸ். சிக்னிக்கும் எதிரி. அது தலைக்கு மேல் வரும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் பெங்களூரில் மேகம். அக்டோபரில் மேகம் விலகினால் மாலை வேளையில் சில வாரங்கள் கிடைக்கும். யு ஜெமினோரம் இந்த ஊருக்கு அனுகூலமானது. புனர்பூச நட்சத்திரங்களுக்குத் தெற்கே இருக்கும் அது, டிசம்பர் முதல் ஏப்ரல் வரை, தென்னிந்தியாவின் தெளிந்த இரவுகளில் உச்சியில் நிற்கிறது. சராசரியாக நூறு நாளுக்கு ஒருமுறை, ஒளியளவு 14லிருந்து 9க்குத் தாவும்.

பெங்களூரில் ஆர்வத்துக்குக் குறைவில்லை. அமெச்சூர் வானவியலாளர் சங்கம் 1976 முதல் இருக்கிறது. நேரு கோளரங்கம் 1989ல் வந்தது. குறைந்தது இருட்டுதான். தெருவிளக்கும் கட்டடங்களின் ஒளியும் சேர்ந்து வானத்தைச் சாம்பல் நிறமாக்கிவிட்டன. நெபுலா, காலக்ஸி பார்க்க ஆர்வலர்கள் ஊரை விட்டு வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது. நகரத்துக்குள் இனி வானவியலுக்கு வேலையில்லை என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள்.

அந்த முடிவு குள்ள நோவாக்களுக்குப் பொருந்தாது. விரிந்து பரந்த காலக்ஸியின் மெல்லிய ஒளியை நகர வெளிச்சம் கரைத்துவிடும். நட்சத்திரமோ புள்ளி. டெலஸ்கோப்பில் உருப்பெருக்கத்தைக் கூட்டினால் பின்னணி வானம் இருளும், புள்ளி புள்ளியாகவே நிற்கும். அதனால் 6 அல்லது 8 அங்குல டெலஸ்கோப்போடு நகர மொட்டை மாடியிலிருந்தே பொங்குதலைப் பிடிக்க முடியும். கேமரா பொருத்தினால் இன்னும் மங்கலானவையும் அகப்படும். ராதா கோவிந்த சந்திராவிடம் இருந்ததைவிடக் குறைந்த கருவி இன்று யாரிடமும் இல்லை. அவரிடம் இருந்த ராத்திரிகள்தான் இல்லை.

எல்லாவற்றையும் இயந்திரம் பார்த்துவிடாதா? பார்க்கிறது. ஹன்லேயில் பெங்களூர் நிறுவனமும் மும்பை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து 2018 முதல் நடத்தும் 0.7 மீட்டர் ரோபோ டெலஸ்கோப், திடீரென்று தோன்றி மறையும் ஒளிகளைத் துரத்துவதற்கென்றே உள்ளது. அமெரிக்காவிலும் சிலியிலும் வானம் முழுவதையும் சலிக்கும் பெரிய கண்கள் வந்துவிட்டன. புதிய குள்ள நோவாக்களைக் கண்டுபிடிப்பதில் மனிதன் இனி அவற்றோடு போட்டி போட முடியாது. ஆனால் பெரிய கண்ணுக்கு ஒரு குறை உண்டு: அதிக வெளிச்சத்தில் கூசும். மங்கலானவற்றைப் பார்க்கக் கட்டப்பட்ட அந்த டெலஸ்கோப்புகளில் எஸ்.எஸ். சிக்னி போன்ற பிரகாசமான நட்சத்திரங்களின் படம் வெளிறிப்போய்விடும். நூறு வருடக் கணக்கு உள்ள நட்சத்திரங்கள் பெரும்பாலும் இந்த ரகம்தான். அவை இன்னும் சிறிய கருவிகளின் பொறுப்பு.

அந்தக் கணக்கின் அருமை 2021ல் தெரிந்தது. எஸ்.எஸ். சிக்னி வழக்கத்தை மீறியது. பொங்கி முடிந்த பிறகு வழக்கமான அளவுக்கு மங்கவில்லை. பொங்குதலும் சிறுத்துப்போனது. மதகு முழுதாக மூடாமல் கசிவது போன்ற நிலை. இதை மிக அரிய நடத்தை என்று உடனே சொல்ல முடிந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: கையில் 125 வருடப் பதிவு இருந்தது. பத்து வருடப் பதிவு மட்டும் இருந்திருந்தால் எது வழக்கம், எது விதிவிலக்கு என்றே சொல்லியிருக்க முடியாது.

யு ஸ்கார்ப்பிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1863 மே மாதம் சென்னையில் ஒருவர் பார்த்தார். அதற்குப் பிறகு நாற்பத்து மூன்று வருடம் அதன் கணக்கில் ஒரு வெடிப்புகூட இல்லை. அந்தக் காலத்தில் அது வெடிக்காமல் இருந்ததா, வெடித்தபோது யாரும் பார்க்கவில்லையா என்பதை இனி ஹொசகோட்டேயின் எந்தத் திரையிலும் பார்த்துச் சொல்ல முடியாது. யாராவது ஒருவர் அந்த ராத்திரிகளில் மாடிக்குப் போய், ‘இல்லை’ என்று எழுதிவிட்டுப் படுத்திருந்தால் சொல்லியிருக்கலாம்.